கொய்யாப்பழத்தை விசாரித்த கதை

ஆராய்ச்சி செய்யக் கிளம்புகிறவனுக்கு முதலில் நல்ல வயிறு வேண்டும். மூளை பிறகு வந்து சேர்ந்துகொண்டால் போதும். இந்த உண்மையை எந்தப் பேராசிரியரும் மாணவனுக்குச் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், பட்டப்பகலில், ஏறக்குறைய இருநூறு பேர் முன்னிலையில் நானாகத்தான் தெரிந்துகொண்டேன். (இருநூற்றுக்கு மேலேயே இருக்கும். கூட்டத்தை எண்ண ஆரம்பித்துப் பாதியில் வயிறு இழுத்துக்கொண்டதால் விட்டுவிட்டேன்.)

எண்ணுவது என் பிறவிக் குணம். இன்றைக்கும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால் கடைக்காரர் முகத்துக்கு நேரேயே எண்ணுவேன். மாடிக்குப் போனால் படிகளை எண்ணுவேன், நேற்று எண்ணிய அதே படிகளைத்தான். கல்யாண வீட்டில் பந்தியில் எத்தனை இலை என்று எண்ணி முடிப்பதற்குள் ரசம் வந்துவிடும். இப்படிப்பட்டவன் வேறு எதற்கும் உதவமாட்டான், ஆராய்ச்சிக்குப் போகட்டும் என்று வீட்டில் முடிவு செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. குஜிலியம்பாறைப் பக்கம் மழையை நம்பிக் கடலை போடும் குடும்பம் எங்களுடையது. அதிலிருந்து எம்.ஏ. வரை வந்த முதல் ஆள் நான். மதுரையில் ஒரு கல்லூரியில் எம்.லிட். பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். உடல்நலம் பற்றிய ஒரு செய்தி கடைத்தெருவில் எப்படிப் பரவுகிறது, அதனால் வியாபாரம் எப்படி மாறுகிறது என்பது என் ஆராய்ச்சித் தலைப்பு. உண்மையான, நல்ல செய்தி ஒன்றை ஊரின் ஒரு மூலையில் போட்டுவிட்டு, அது எங்கெங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்றார் பேராசிரியர். கேட்கும்போது வெகு எளிதாக இருந்தது.

திண்டுக்கல்லில் நான் தங்கியது மைதீன் ராவுத்தரின் பழமண்டிக்கு மேலே இருந்த அறையில். என் அப்பாவும் அவரும் பல வருஷம் ஒன்றாகச் சந்தைக்குப் போய் வந்தவர்கள். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். வாடகை கிடையாது. மூன்று வேளையும் அவர் வீட்டிலிருந்து மாமி சாப்பாடு கொடுத்தனுப்புவார். ராவுத்தர் அப்போதுதான் அண்ணனுடைய மண்டியிலிருந்து பிரிந்து வந்து தனியாக மண்டி போட்டிருந்தார். அண்ணனுடைய மண்டி நேர் எதிரே. ஆயக்குடிக் கொய்யாதான் அவருக்கு முதல் சரக்கு, அதுதான் முதல் சீசன். புது மண்டியில் பழம் தேங்கி அழுகியது என்ற பேச்சு ஆயக்குடிக்கு எட்டினால் போதும், தோப்புக்காரர்கள் அடுத்த சீசனுக்கு ஒரு கூடை தரமாட்டார்கள். அவர் மறுபடி தெருவைக் கடந்து போய் அண்ணன் கடையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவருக்கு உதவி செய்யலாம் என்று நினைத்தேன். (நான் உதவி செய்ய நினைத்த மற்றவர்களைப் பற்றி வேறொரு சமயம் விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பிழைத்துவிட்டார்கள்.) பரப்ப வேண்டிய செய்தியாகக் கொய்யாவையே தேர்ந்தெடுத்தேன். ஆரஞ்சைவிடக் கொய்யாவில் சத்து அதிகம், இரத்தத்துக்கு நல்லது, விலையும் சல்லிசு. புத்தகத்தில் உள்ள உண்மை. ராவுத்தரிடம் சொன்னபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு லாரிக்குப் பதில் இரண்டு லாரி ஏற்றச் சொல்லி அன்றே ஆயக்குடிக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை மண்டி வாசல் டீக்கடையில் உட்கார்ந்து செய்தியைப் போட்டேன். டீ மாஸ்டரும், பெஞ்சில் இருந்த மூன்று பேரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "அப்படிங்களா?" என்றார். மற்றவர்கள் டீயைக் குடித்தார்கள். போதும் என்று எழுந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து செய்தியின் பின்னால் கிளம்பினேன். எதிலும் தப்பு வந்துவிடக் கூடாது என்று நிறைய முன்னேற்பாடு செய்திருந்தேன். ஆராய்ச்சிக்கென்றே ஒரு கால்சட்டை தைத்திருந்தேன். அழுக்குத் தெரியக் கூடாது என்று காக்கித் துணி. கேட்ட இடத்திலேயே மறுபடி கேட்டுக் கணக்கு இரட்டித்துவிடக் கூடாதே என்று, விசாரித்து முடித்த ஒவ்வொரு கதவிலும் சாக்பீஸால் ஓர் எண் போட்டேன். கேள்விகளைப் பேராசிரியர் சொன்னபடி அமைத்திருந்தேன். பதில் சொல்பவர் வாயில் நாமே பதிலை ஊட்டக் கூடாது என்பது அவர் கட்டளை. கொய்யா நல்லதாமே என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எவனும் சொல்வான். ஆகவே நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல் கேட்டேன். அண்மையில் கொய்யாப்பழத்தைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டீர்களா? யார் சொன்னார்கள்? உங்கள் வீட்டில் எத்தனை பேர் கொய்யா சாப்பிட்டார்கள்? எப்போது? சாப்பிட்ட பிறகு உடம்பு எப்படி இருக்கிறது?

வாசகர்களுக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அந்தக் காலத்தில் காக்கிக் கால்சட்டை போட்டுக்கொண்டு, கையில் காகிதத்துடன் வீடு வீடாக வருகிறவர்கள் யார்? மலேரியாவுக்கு மருந்தடிக்கிறவர்கள், வாந்திபேதிக்கு ஊசி போடுகிறவர்கள், அம்மை கண்ட வீட்டைக் கணக்கெடுக்கிறவர்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன தின்றீர்கள், உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டுச் சுவரில் எண் போட்டுவிட்டுப் போவார்கள். எம்.லிட். படிக்கிறவன் கதவில் எண் போட்டு ஊர் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் எனக்கு ஒரே குஷி. பூட்டுப் பட்டறைத் தெருவில் கேட்டால் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். தோல் கிடங்கு வாசலில் எல்லோரும். வேடசந்தூர் மில்லுக்கு ஆள் ஏற்றும் பஸ் நிற்கும் இடத்தில் எல்லோரும். இவ்வளவு வேகத்தில் ஒரு சுகாதாரச் செய்தி பரவியதாக நான் எங்கும் படித்ததில்லை. என்ன கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குத் தெரியாததா சார்" என்றார்கள். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பட்டறைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தம் வீட்டில் யாரும் கொய்யா தொட்டதே இல்லை என்றும், அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் கெஞ்சினார். எழுதிக்கொண்டேன். ஓர் அம்மாள் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், வீட்டில் இருந்த கொய்யாவைக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடியிருப்பதைக் காட்டினார். அதையும் எழுதிக்கொண்டேன். திண்டுக்கல் மக்கள் பழத்தை இப்படித்தான் பாதுகாக்கிறார்கள் போலும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு.

புதன்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே பேச்சியம்மா என்று ஒருத்தி ராவுத்தர் மண்டியில் சரக்கெடுத்துக் கூடையில் வைத்து விற்பாள். ஐம்பது வயது இருக்கும். பழனி பஸ்ஸில் கடைசி சீட்டில் இருப்பவனுக்கும் கேட்கும் குரல். என்னை அவளுக்குத் தெரியாது. அவளிடம் என் முதல் கேள்வியைக் கேட்டேன். அவள் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏலே அப்பு, நீதானா அது? காக்கி போட்ட ஆபீசர் ஒருத்தரு வீடு வீடா வந்து, கொய்யா தின்னவுகளைக் கணக்கெடுத்துக் கதவுல நம்பர் போட்டுட்டுப் போறாருன்னு ஊரே கலங்கிக் கெடக்கு. ரெண்டு நாளா ஒத்தப் பழம் விக்கலை."

நான் ஆபீசர் இல்லை, ஆராய்ச்சி மாணவன் என்றேன்.

"என்னத்த ஆராயிற?"

"ஒரு செய்தி எப்படிப் பரவுதுன்னு."

"நல்லாத்தான் பரவியிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

மண்டிக்கு நடந்தேன். தெரு முனையிலேயே வாசனை வந்துவிட்டது. கொய்யா பழுத்துத் தேங்கினால் வரும் அந்த வாசனையை அதற்கு முன் நான் விரும்பியிருக்கிறேன். முதல் லாரிச் சரக்கில் பாதிகூட நகரவில்லை, இரண்டாவது லாரியும் வந்து நின்றுவிட்டது. ஆயக்குடியிலிருந்து வந்த டிரைவர் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "ஏனுங்க, எறக்கறதுங்களா, வேண்டாமுங்களா? தோப்புல போயி என்ன சொல்றதுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதிர் மண்டி வாசலில் ராவுத்தரின் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ராவுத்தர் என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். மாப்ளே போய்த் தம்பி வந்துவிட்டது, கூடவே வாங்க போங்கவும். அவர் செருப்பைக் கழற்றியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பேச்சியம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் கையிலிருந்த பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொய்யா கெட்டதுன்னு சொன்னீங்களா?"

"இல்லை மாமா."

"நல்லதுன்னாவது சொன்னீங்களா?"

"டீக்கடையில மட்டும் சொன்னேன். மத்த எடத்துல சொல்லக் கூடாது மாமா, ஆராய்ச்சி கெட்டுப்போகும். சும்மா விசாரிச்சேன்."

"விசாரிச்சீங்களா?" என்றார். கையிலிருந்த பழத்தைக் கூடையில் திரும்ப வைத்தார். பிறகு, "நல்ல பழத்தை எவனாச்சும் விசாரிப்பானா தம்பி?" என்றார்.

எம்.லிட். பட்டத்துக்குத் தேவையான முடிவுரை முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. அப்போது எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை.

அன்று மாலையே தமுக்கு அடிக்கிறவர் ஒருவரைப் பிடித்து, கொய்யாப்பழத்தால் யாதொரு வியாதியும் இல்லை, மக்கள் பீதி அடைய வேண்டாம் என்று தெருத்தெருவாகச் சொல்ல வைத்தேன். இது முழுக்க என் யோசனை. அதுவரை விஷயம் தெரியாமல் இருந்த சில தெருக்களுக்கும் தெரிந்துபோயிற்று. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அதுவரை நாலு பழமாவது விற்றுக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு மண்டிக்குத் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் காலை ராவுத்தர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஊர் மண்டிக்காரனை நம்பாது, தமுக்கை நம்பாது. காக்கிக் கால்சட்டையைத்தான் நம்புகிறது. அந்தக் கால்சட்டையே பஸ் ஸ்டாண்டில் நின்று பழம் தின்றால்?

நான் சாப்பிட்டேன். பேச்சியம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். நான் ஆபீசர் இல்லை என்று இரண்டு முறை எழுந்து நின்று சொல்லிப் பார்த்தேன். நல்ல ஆபீசர்தான் இவ்வளவு அடக்கமாகப் பேசுவார் என்று முன்வரிசையில் ஒருவர் மற்றவருக்கு விளக்கினார். பேச்சியம்மா குரல் கொடுக்கக் கொடுக்கக் கூட்டம் சேர்ந்தது. நாலு பழம் தின்று எழுந்துவிடலாம் என்பது என் கணக்கு. ஊர்க்காரர்கள் ஆராய்ச்சியில் என்னைவிடக் கெட்டி. கூடையில் மேலாக இருப்பது நல்ல பழம், அடியில் இருப்பதைத் தின்னட்டும் என்றார் ஒருவர். தின்றேன். வெள்ளைக் கொய்யா சரி, சிவப்புக் கொய்யா எப்படி என்றார் இன்னொருவர். அதையும் தின்றேன். அதன் பிறகு அவரவர் கையால் பொறுக்கிக் கொடுத்த பழத்தை நான் தின்றால்தான் அவரவர் நம்புவது என்று வழக்கமாகிவிட்டது. நடுவில் மில் தொழிலாளி ஒருவர் முன்னால் வந்தார்.

"இவுக முன்கூட்டியே ஊசி போட்டுட்டு வந்து திம்பாக. நமக்கு யாரு ஊசி போடுவா?"

கூட்டம் முழுக்க என் கைகளைப் பார்த்தது. நான் சட்டையின் இரண்டு கைகளையும் மடித்துத் தோள்வரை காட்டினேன். இடது தோளில் சிறுவயதில் அம்மை குத்திய தழும்பு. அது பழைய தழும்பா புதிய தழும்பா என்று தீர்மானிக்க ஐந்தாறு பேர் வரிசையாக வந்து தடவிப் பார்த்தார்கள். பழையது என்று முடிவானதும் அந்த ஐந்தாறு பேரும் ஆளுக்கொரு பழம் பொறுக்கி நீட்டினார்கள்.

இருபத்தேழு பழம். அதற்கு மேல் எண்ணவில்லை. நான் எண்ணுவதை நிறுத்தினேன் என்றால் என் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் விற்பனை அன்று கொஞ்சம்தான். வாந்திபேதி உடனே தெரியாது, ஒரு ராத்திரி போனால்தான் தெரியும் என்று கூட்டத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். நாளைக்கு இந்த ஆபீசர் இதே இடத்தில் வந்து நிற்கட்டும், அப்புறம் வாங்குவோம் என்று கலைந்து போனார்கள்.

மறுநாள் விடிந்தபோது நான் பாயில் கொக்கி போல வளைந்து கிடந்தேன். வயிறு முரசு மாதிரி உப்பியிருந்தது. கொய்யா விதை என்ன செய்யும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே போனது எதுவும் வெளியே வருவதாக இல்லை. மாமி கொடுத்தனுப்பிய இஞ்சிக் கஷாயம் உள்ளே போக இடம் இல்லாமல் நெஞ்சிலேயே நின்றது. ராவுத்தர் மேலே வந்தார். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுக் கீழே போய்க் குதிரைவண்டியைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பினார்.

"எந்திரி மாப்ளே. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மாப்ளே திரும்பி வந்துவிட்டது. அதைக் கேட்ட சந்தோஷத்தில் எழுந்து உட்காரக்கூட முடிந்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் எந்நேரமும் ஜனம் நிற்கும். கொய்யா தின்ற ஆபீசர் மறுநாள் ஆஸ்பத்திரிக்குள் போவதை ஒரே ஓர் ஆள் பார்த்தாலும் கீழே இருக்கும் இரண்டு லாரிச் சரக்கையும் குப்பைமேட்டில்தான் கொட்ட வேண்டும். சொன்னேன்.

"பழம் கெடக்கு" என்றார். "மரம் இருந்தா அடுத்த வருசம் காய்க்கும். எங்க அண்ணன் கடையில நிக்கிறது எனக்கென்ன புதுசா? ஒனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா உங்கப்பாகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

அதுவரை அவரை நான் வாடகையில்லாத அறை, மூன்று வேளைச் சாப்பாடு என்றுதான் கணக்கில் வைத்திருந்தேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. வண்டி முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். காக்கிக் கால்சட்டையின் பித்தான் பூட்டவில்லை. சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொண்டேன்.

முந்தின நாளைவிடப் பெரிய கூட்டம் காத்திருந்தது. வண்டியிலிருந்து இறங்கி, விளக்குக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பேச்சியம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு கூட்டத்துக்கு நடுவில் விசாரணை தொடங்கியது. தூங்கினீர்களா, ஜுரம் உண்டா, வாந்தி உண்டா. நான் ஊரெல்லாம் கேட்ட கேள்விகள் வரிசை மாறாமல் எனக்கே வந்துகொண்டிருந்தன. இவ்வளவு பேர் முன்னால் உடம்பைப் பற்றிப் பதில் சொல்வது எத்தனை வெட்கம் என்று முதல்முறையாகத் தெரிந்தது. கடைசியில் அவள் முக்கியமான கேள்விக்கு வந்தாள்.

"வயித்தால போச்சா?"

"இல்லை."

"ஒரு தடவைகூடவா இல்ல?"

"ஒரு தடவைகூட இல்லை" என்றேன். என் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் நான் அவ்வளவு உள்ளம் உருகிப் பதில் சொன்னதில்லை. 

பேச்சியம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீகளா? அம்புட்டுப் பழத்தைத் தின்னுட்டு ஒரு தடவைகூடப் போகலையாம். பேதி எங்கிட்டிருந்து வரும்? வந்த பேதியும்ல நின்னுபோகும்."

வயதான ஒருவர் தன் மருமகளுக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை, இதைக் கொடுத்தால் கேட்குமா என்றார். அவள் அவர் துண்டில் பழத்தைக் கொட்டினாள். அவ்வளவுதான். கூடைகள் மண்டியிலிருந்து வரவரக் காலியாகிக்கொண்டிருந்தன. நான் கம்பத்தை விடாமல் நின்றேன். மதியம் தாண்டுவதற்குள் இரண்டு லாரிச் சரக்கும் போய்விட்டது. அண்ணன் மண்டியிலிருந்து ஒருவர் வந்து, அடுத்த லோடு எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனதை ராவுத்தர் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாமி ஒரு டம்ளர் விளக்கெண்ணெய் கொடுத்தார். மீதியைக் கண்ணியமான வாசகர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

மதுரைக்குத் திரும்பி எல்லாவற்றையும் எழுதிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் போட்ட செய்தி ஒன்று, பரவியது இன்னொன்று, சரக்கை விற்றது மூன்றாவதாக ஒன்று, இதில் எதைத் தேர்வாளர்களிடம் காட்டுவது என்று கேட்டார். பிறகு, நூலகத்துக்குள் உட்கார்ந்தபடியே முடிக்கக்கூடிய வேறு தலைப்பு கொடுத்தார். பட்டம் வந்தது. ராவுத்தர் மண்டியும் அவர் இருந்தவரை நடந்தது.

இந்தக் கதையை என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த ராவுத்தர் மாமா பந்தியில் வைத்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் எதையும் விசாரிக்கும் உரிமை எனக்கு இல்லை. கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டால், பாவம் அந்தக் கடைக்காரன் பிழைத்துப் போகட்டும் என்பாள். என் மகளுக்குச் சின்னாளபட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், சேலை வியாபாரம். பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க உறவினர்கள் கிளம்பினார்கள். பெண்ணைப் பெற்றவன் என்ற முறையில் நானும் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். மனைவி வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"நீங்க நாலு வீட்டுல போயி, பையன் எப்படி, உடம்பு எப்படின்னு கேட்டீகன்னா, அந்தப் புள்ளைக்கு இந்த ஜென்மத்துல யாரும் பொண்ணு குடுக்க மாட்டாக. நம்ம பொண்ணைக் குடுக்கலைன்னாலும் அவனை வாழ விடுங்க."

என்னை விட்டுவிட்டுப் போனார்கள். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தங்கமானவர், நான் விசாரிக்காமலேயே. போன மாதம் அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மனசு கேட்காமல் பஸ் ஏறிப் போனேன். படியேறி உள்ளே போனால், கட்டிலில் சாய்ந்திருந்தவர் நான் வாய் திறப்பதற்கு முன்பே கையைக் கூப்பிவிட்டார்.

"மாமா, எனக்கு ஒண்ணும் இல்லை. நேத்தே சரியாப்போச்சு. தெருவுல யாருகிட்டயும் கேட்டுறலையே?"